முன்சாட்சி

ஒரே ஒரு ஊராம். தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து வந்து வாசல்படியில் குவிகிற ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு கோயில், கோயிலுக்குள் ஒரே ஒரு மத்தியானம், அந்த மத்தியானத்துக்குள் ஒரே ஒரு பொம்பளை. ராசா கதையாக இருந்தால் அவளுக்கு ஏழு அண்ணன்மார் இருந்திருப்பார்கள், கடல் தாண்டியாவது ஒருத்தன் குதிரையில் வந்திருப்பான். தங்கபுஷ்பத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. புருஷன் ஆசீர் போன வருஷம் நுங்குக் காலத்தில் செத்துப்போனான். பிள்ளை குட்டி கிடையாது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். சனிக்கிழமை லீவுதானே என்று, சங்கிலி ஜெபத்தில் ஒருவரும் கேட்டு வாங்காத வேளையை, சாப்பாட்டுக்குப் பிறகு வெக்கையும் உறக்கமும் கைகோத்து வருகிற வேளையை, அவள் தலையில் கட்டிவிட்டார்கள். சங்கிலி ஜெபம் என்றால், விடியலில் தொடங்கிப் பொழுது அடைகிற வரைக்கும் பீடத்துக்கு முன்னால் விரித்த பாயில் யாராவது ஒருவர் முழங்காலில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டுக் கையைப் பிடித்த பிறகுதான் முந்தின ஆள் எழும்பலாம். பாய் ஒரு நொடி காலியானாலும் சங்கிலி அறுந்துபோகும், அதுவரை செய்த ஜெபம் எல்லாம் வீண் என்பது அந்தச் சபையின் சட்டம். இன்றைய சங்கிலி எட்வினுக்காக. எலக்ட்ரீசியன் எட்வின், சின்ன வயசு, ரத்தத்தில் புற்று. பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். கோயிலுக்குப் பின்தெருவில் வீட்டில் படுத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி பிரிஸ்கில்லாதான் தங்கபுஷ்பத்துக்கு அடுத்து வர வேண்டியவள்.

முந்தின ஆள் கிரேஸ் டீச்சர். பெண்கள் சங்கத்தின் தலைவி, ரிட்டையர் ஆன பிறகும் ஊரே அவளுக்கு ஐந்தாம் வகுப்பு. தங்கபுஷ்பம் பக்கத்தில் முழங்கால் போட்டதும், டீச்சர் கண்ணைத் திறக்காமலே அவள் கையைப் பிடித்து, ஒரு ஆமென் சொல்லி, அந்தக் கையையே ஊன்றிக்கொண்டு எழும்பினாள்.

"தூங்கிராத, புஷ்பம்."

"இல்ல டீச்சர்."

"போன தடவ நம்ம உபதேசியார் பாயிலயே குறட்டை விட்டுட்டாரு. சங்கிலி அறுந்துச்சா இல்லையான்னு கமிட்டி கூடில்லா பேசுனோம்."

"என்ன முடிவாச்சு?"

"விட்டது குறட்டைன்னாலும் முழங்கால்ல இருந்து விட்டாருன்னு தள்ளுபடி பண்ணியாச்சு." டீச்சர் சிரித்தாள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். கதவு வரைக்கும் போன டீச்சர் திரும்பி வந்து நின்றாள். செருப்பில்லாத கால் தரையில் ஒட்டி ஒட்டி வந்த சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில பிரிஸ்கில்லா சாட்சி சொல்லுதா."

"முன்சாட்சியா டீச்சர்?"

"ஆமா." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ பின்னால உக்காந்துக்கோயேன். அந்தப் பிள்ள பேசும்போது உன் முகந்தான் நேரா தெரியும். வாய் தடுமாறிரும். தப்பா நெனைக்காத."

"இதுல நெனைக்க என்ன இருக்கு."

"நீ நல்ல பிள்ள," என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாள்.

நல்ல பிள்ளை முழங்காலில் இருந்தாள். பாய்க்குக் கீழே சிமெண்டுத் தரை முதலில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, அப்புறம் குளிர்ச்சி எலும்புக்கு வந்து வலியானது. கரண்டு இல்லை, ஃபேன் நின்று கிடந்தது, பெஞ்சுக்குப் பூசின வார்னிஷ் வெக்கையில் உருகி வாடை விட்டது, மணிக்கூண்டில் புறாக்கள் தொண்டைக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. எட்வினுக்காக ஜெபிக்கணும். ஆண்டவரே, எட்வின். அதுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின்னால உக்காந்துக்கோ. பின்னால என்றால் எத்தனை பெஞ்சு பின்னால? டீச்சருக்குத் தெரியாது, இந்த முன்பெஞ்சுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆச்சு என்று. ஆசீரைப் புதைத்த பிறகு முதல் தடவை வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்புக் கழற்றிப்போடுகிற இடத்தைத் தாண்டவே இல்லை. ஜெபிக்க வரவில்லை அவள், வராமல் போனால் வீட்டுக்கே வந்து ஜெபிப்பார்களே என்று வந்தாள். செருப்புகளோடு செருப்பாக நின்றுவிட்டு, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்னாலேயே மணலில் இறங்கிப் போய்விடுவாள். அப்புறம் ஐப்பசியில் சாரல் அடித்தது, சேலை நனைகிறதே என்று கடைசிப் பெஞ்சில் ஒண்டினாள். கடைசிப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம், ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் அவளையும் சேர்த்துச் சாய்ந்தது, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், முந்தின பெஞ்சுக்கு மாறினாள். அங்கே தலைக்கு மேலே குளவி கூடு கட்டியது. அதற்கு முந்தினதில் எண்ணெய் வடிகிற தலையோடு பவுலம்மா உட்கார்ந்து தோளிலேயே தூங்குவாள். இப்படியே ஒவ்வொரு பெஞ்சாக, சாரல் ஒரு தள்ளு, குளவி ஒரு தள்ளு, பவுலம்மா ஒரு தள்ளு. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் பீடத்துத் துணியில் தையல் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரிகிறது. யாரோ விளக்குமாற்றால் தூசியைக் கூட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். தானாக ஓர் அடிகூட எடுத்து வைத்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அப்படி வந்து சேர்ந்த இடத்தை விட்டு, நாளைக்கு ஒரு நாள், பின்னால போ. உன் முகம் நேரா தெரியும். என் முகத்தில் என்ன தெரியும் டீச்சர், எனக்கே நான் முகம் பார்த்து நாளாச்சே. கண்ணாடி ஆசீர் சவரம் பண்ணுகிற உயரத்தில் மாட்டிக் கிடக்கிறது, எனக்கு நெற்றிக்கு மேல்தான் தெரியும், அதை இறக்கி மாட்டக்கூட ஓர் ஆள் இல்லை.

முன்சாட்சி. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதே இன்றைக்குத்தான். சாட்சி என்றால் ஆண்டவர் ஒரு நன்மை செய்து முடித்த பிறகு எழும்பி நின்று சொல்வது. முன்சாட்சி என்றால் செய்வதற்கு முன்னாலேயே, செய்துவிட்டார் என்று நம்பி நன்றி சொல்வது. இது டீச்சர் எங்கேயோ கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்க் கொண்டுவந்தது. பவுலம்மாவின் பேரனுக்கு வேலைக்காக முதலில் செய்தார்கள், வேலை கிடைத்தது. அதுமுதல் சபையில் அது ஒரு வழக்கம். நன்றி சொல்லியாச்சு, இனி அவர் கொடுக்காமல் எப்படி இருக்க முடியும் என்பாள் டீச்சர், விருந்துக்குச் சொல்லியாச்சு, பெண்ணைத் தராமல் எப்படி இருப்பான் என்கிற மாதிரி. ஆசீருக்கு ஈரல் கெட்டுப்போய், வயிறு பானை மாதிரி உப்பி, கண் மஞ்சளாகி, நாட்டு மருந்து தின்று, பெரியாஸ்பத்திரியில் காட்டி, எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் கத்தரிப்பூக் கலர்ச் சேலை உடுத்திக்கொண்டு எழும்பி நின்றாள். என் புருஷனைச் சுகமாக்கின தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றாள். சபையே ஸ்தோத்திரம் என்றது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, அப்போது அவள் நம்பினாள், பொய் இல்லை, நிசமாகவே நம்பினாள். ஆராதனை விட்டதும் வாசலில் நின்று எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். மிட்டாய் வாங்கின பிள்ளைகள் நாக்கை நீட்டி நிறம் பார்த்துக்கொண்டு ஓடின. அந்த வாரம் முடிவதற்குள் ஆசீர் போய்விட்டான். மிட்டாய் தின்ற வாய்கள் எல்லாம் வந்து அழுதன. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர்தான் இட்லி அவித்துக் கொண்டுவந்து, அவள் சாப்பிடுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கை கழுவுகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்: நீ முழுசா நம்புனியா புஷ்பம்? எங்கயாச்சும் ஒரு பொட்டு சந்தேகம் இருந்துச்சா? இட்லி நல்ல இட்லி, பூப்போல இருந்தது. அதற்குப் பின்னால் தெருவில் போனால் முன்சாட்சிக்காரி போறா என்று யாரோ யாரிடமோ சொல்வது கேட்கும். கேட்கும்தானா, இல்லை அவளுக்கே அப்படித் தோன்றுமா, தெரியவில்லை.

ஒரு பொட்டு சந்தேகம். இருந்ததா? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். தங்கபுஷ்பம் முழங்காலை மாற்றி ஊன்றினாள். தூக்கம் கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. தூங்கிராத. ஐஸ்காரன் பின்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான், எட்வின் வீட்டு வழியாகத்தான் போவான், அவனுக்கு ஐஸ் தின்ன ஆசையாக இருக்குமோ என்னமோ, ஆசீருக்குக் கடைசியில் நாக்கு வறண்டு நுங்கு நுங்கு என்று கேட்டான், குளிர்ச்சி ஆகாது என்று கொடுக்கவில்லை. சந்தேகம் இருந்ததா என்று கேட்டால், அவளுக்கு இல்லை. ஆசீருக்குத்தான் இருந்தது. சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்காக நன்றி சொல்லிட்டியாமே, மைக்குல இங்க வரைக்கும் கேட்டுச்சு, என்றான். சிரித்தான். நான் இன்னும் சாவவும் இல்ல, பொழைக்கவும் இல்ல, அதுக்குள்ள மிட்டாயா பிள்ள? அவள் அவன் வாயைப் பொத்தினாள். அவிசுவாசமாப் பேசாதிய. அப்புறம் ஒருநாள் சாயங்காலம், புஷ்பம் இங்க வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், என்றான். சொல்லுங்க. நான் போன பொறவு, என்று தொடங்கினான். அவள் கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தாள். அப்படிப் பேசாதிய, கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, சாட்சி சொல்லியாச்சு, உங்க வாயாலே கெடுத்திராதிய. இல்ல பிள்ள, ஒண்ணே ஒண்ணு. வேண்டாம். அவன் அவளைப் பார்த்தான். மஞ்சள் கண்ணால் பார்த்துவிட்டு, சரி, என்றான். மறுநாளும் கையைப் பிடித்தான், அவள் பாட்டுப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் பாடினாள், அவன் சொல்ல வந்ததை மூடுகிற அளவுக்குச் சத்தமாக. அதற்கு மறுநாள் நினைவு போய்விட்டது. அந்த ஒண்ணே ஒண்ணு. அது என்ன? கடன் கிடன் இல்லை, அது அவளுக்குத் தெரியும். வேறு எவளாவது? சே, ஆசீரா! தனியாக இருக்காதே, உன் தங்கச்சி வீட்டோடு போ என்றா? பயமா இருக்கு என்றா? உன்னைக் கட்டிக்கிட்டு நல்லா இருந்தேன் என்றா, நல்லா இல்லை என்றா? சோறு கிண்டும்போது கேட்கும், பயறு பொறுக்கும்போது கேட்கும், ஒண்ணே ஒண்ணு பிள்ள, ஒண்ணே ஒண்ணு. உலகத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் சொல்லவேண்டிய வார்த்தை அது, அந்த ஆள் காதைப் பொத்திக்கொண்டாள், இப்போது அது எங்கே கிடக்கிறது? மண்ணுக்குள்ளா?

கடவுளோடு அவள் பேச்சை நிறுத்தினது மிட்டாயினால் இல்லை, அவன் செத்ததினாலும் இல்லை, இதனால்தான். உமக்காகத்தானே வாயைப் பொத்தினேன். உம்முடைய மரியாதைக்காகத்தானே. அப்படியே மாதக்கணக்கில் ஒன்றும் பேசவில்லை. நடுப்பெஞ்சுக்கு வந்து சேர்ந்த சமயத்தில் ஒருநாள், எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், தானும் ஏதாவது சொல்லணுமே என்று, ஆண்டவரே பருப்பு இன்னும் வரல, புழுத்த பயற வச்சு ஆக்கச் சொல்லுதாங்க, என்றாள். சொல்லிவிட்டு வெட்கமாகப் போனது. ஆனால் அன்றைக்கு ராச்சோறு கொஞ்சம் இறங்கியது. இதைத்தானே ஆசீரிடம் சொல்வாள். அவன் ம் என்பான். ம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததுதான் தனிமை, வேறொன்றுமில்லை. அடுத்த வாரம் பூனை அடுப்பு மேடையில் குட்டி போட்டதைச் சொன்னாள். அப்புறம் முழங்கால் வலி. அப்புறம் ஹெட்மாஸ்டர் கத்தினது. கேட்கிறதுக்கு ஒன்றும் இல்லை, சொல்கிறதுக்குத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்து ம் வராது. வராவிட்டாலும், அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றால் மூச்சு தெரியும் இல்லையா, அந்த மாதிரி. போன கிறிஸ்துமஸில் கதவுக்கு இன்னும் கிட்டே போனாள். சரி, எல்லாம் போகட்டும், அந்த ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்லிடும், என்றாள். அதுதான் அவள் கேட்ட ஒரே வரம். கனவில் சொல்லும், யார் வாயாலாவது சொல்லும், வேதப்புத்தகத்தைத் திறக்கிற இடத்தில் காட்டும். திறந்தால் இன்னான் இன்னானைப் பெற்றான் என்று வம்ச வரலாறு வந்தது. விரல் வைத்த இடத்திலெல்லாம் யாரோ யாரையோ பெற்றான். அதில் வந்த சிரிப்பு அழுகையாகி, பூனைக்குட்டிகள் பயந்து ஓடின. கேட்காத நாள் கிடையாது. அவர் தந்த நாளும் கிடையாது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று பாட்டுப் பாடுகிற நேரத்தில் அவள் கை மட்டும் மடியில் மூடித்தான் இருக்கும், உள்ளே அந்த ஒண்ணே ஒண்ணு.

தலை ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்தது. தூங்கிவிட்டாளா? முழங்கால் பாயில்தான் இருக்கிறது, உபதேசியார் கணக்கில் சங்கிலி அறுபடவில்லை. தூங்கிராத புஷ்பம். இதையே ஆண்டவரும் சொன்னார், சிலுவைக்கு முந்தின ராத்திரி, தோட்டத்தில், ஒலிவ மரத்துக்குக் கீழே, கூட வந்தவர்களிடம். சின்னப் பிள்ளையில் ஞாயிறு பள்ளியில் படித்தது, எத்தனையோ பெரிய வெள்ளிக்குக் கேட்டது. கொஞ்சம் விழித்திருங்கள் என்று. அவ்வளவுதான் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் முகங்குப்புற விழுந்தார், வேர்த்துக் கொட்டியது, எனக்கு இது வேண்டாம், இதை எடுத்துப்போடும், என்று கெஞ்சினார். தங்கபுஷ்பத்துக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது. கெஞ்சினாரே. வேண்டாம் என்றாரே. பயந்தாரே. அவிசுவாசமாப் பேசாதீர் என்று வானத்தில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லையே. யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் போனது, எல்லாம் தூக்கம். தூங்கினவர்கள் பாவம், தெரியாமல் தூங்கினார்கள், நான் முழித்துக்கொண்டே பாடினேன். அவள் பீடத்தைப் பார்த்தாள். வெயில் கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வந்து, துணியில் தையல் விட்ட இடத்தில் சிவப்பாகக் கிடந்தது. அப்போ உமக்குத் தெரியும். சொல்ல வந்து, கேட்க ஆள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். அப்போ ஆசீர் பக்கத்தில், நான் பாடினேனே, அந்தப் பாட்டுக்கு அந்தப் பக்கம், அவன் வாய்க்குப் பக்கத்தில், நீர் இருந்திருப்பீர். குனிந்திருப்பீர். கேட்டிருப்பீர். மடியில் மூடிக் கிடந்த கையை அவள் பார்த்தாள். இத்தனை நாள் கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு, கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு என்று அவனை மிரட்டத்தான் அந்த வார்த்தை அவளுக்கு உதவியது. அவர் மெய்யாகவே கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் அது மண்ணுக்குள் இல்லை. அது இருக்கிறது, ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் என் கையில் இல்லை. தாரும் என்று வாய் வரைக்கும் வந்தது. பழக்க தோஷம். தாராட்டி போம் என்றும் வந்தது. வெளியே புறாக்கள் நிறுத்திவிட்டன. பயமாக இருந்தது, அதைக் கேட்பதை விட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்து ஆசீரைப் பிடித்துக்கொண்டிருப்பது? காலையில் எழும்புகிறதே அதைக் கேட்கத்தானே? விட்டால் நான் வெறுங்கை. வெறுங்கை என்றால் என்ன, நாளைக்குப் பின்பெஞ்சு, நாளை மறுநாள் பயறு, சுவரில் எட்டாத கண்ணாடி. விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தன, அவள் ஒவ்வொன்றாக நீட்டினாள். உம்மகிட்டயே இருக்கட்டும். சொன்ன உடனே திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். மறுபடி சொன்னாள். இருக்கட்டும் ஆண்டவரே. அவிய உம்மகிட்ட சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். வேண்டாம்னு இல்ல, வேணும், ஆனா உம்மகிட்டயே இருக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, புல்லரிக்கவில்லை, முழங்கால் வலி அப்படியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்து மூச்சு மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்ட மாதிரி, பாயில் பக்கத்தில் யாரோ கால் மாற்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று தெரியும். பார்க்காவிட்டால் இருக்கும் என்றும் எப்படியோ தெரிந்தது. எட்வின் என்றாள் மெதுவாக. இப்போது அந்தப் பெயருக்குப் பின்னால் ஒன்றும் சேர்க்கத் தேவை இருக்கவில்லை. எட்வின். பிரிஸ்கில்லா. பெயரை மட்டும், ஒரு பிள்ளையைத் தூக்கி அடுத்த கையில் கொடுக்கிற மாதிரி.

பிரிஸ்கில்லா வந்தது தெரியவில்லை. பக்கத்தில் முழங்கால் தொப்பென்று விழுந்த பிறகுதான் தெரிந்தது. மருந்து வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து வந்தது. முக்காட்டுக்குள் முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள், ஆனால் ஆமென் சொல்லி விடுவிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா."

"சொல்லு பிள்ள."

"நாளைக்கு நான் சொல்லட்டுமா, வேண்டாமா? எல்லாரும் சொல்லுங்காவ. உங்ககிட்ட மட்டும் கேக்கவே விடமாட்டேங்காவ."

சொல்லாதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால்? இவள் சாட்சி சொல்லி எட்வின் பிழைத்துக்கொள்கிறதாக இருந்தால்? பவுலம்மா பேரனுக்குக் கிடைத்ததே. சொல்லு என்றால், எட்வினும் ஆசீர் மாதிரிப் போய்விட்டால்?

"எனக்குத் தெரியல பிள்ள. நிசமாவே தெரியல." பிறகு கேட்டாள்: "எட்வின் என்ன சொல்லுதான்?"

பிரிஸ்கில்லா கையை இன்னும் இறுக்கினாள். "அவிய என்னமோ சொல்ல வாராவ அக்கா. நேத்துல இருந்து. பிரிஸி, ஒக்காரு, கொஞ்சம் பேசணும்னு. நான் வெளிய போயிருதேன். அவிசுவாசமான பேச்சு வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காவ. இப்பகூட கூப்பிட்டாவ. சங்கிலிக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்துட்டேன்."

"போ."

"எங்க?"

"வீட்டுக்குப் போ. போயி உக்காரு. என்ன சொன்னாலும் கேளு. அழுதா அழட்டும், பயமா இருக்குன்னா இருக்கட்டும். வாயப் பொத்தாத."

"கேட்டா செத்துருவாவளோ?"

சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்தாள், டீச்சர் சொன்னது போல நேருக்கு நேராக.

"நான் கேக்கல," என்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னாவ, நான் கேக்கல. அப்படியும் போய்ட்டாவ பிள்ள."

பிரிஸ்கில்லாவின் வாய் கோணியது. பிறகு சுற்றிலும் பார்த்தாள், பெஞ்சுகளை, கதவை, பாயை. "சங்கிலி அக்கா? இது என் வேளையில்லா? நான் எழும்புனா..."

"நான் இருக்கேன். உன் வேளைக்கும் நானே இருக்கேன்."

"உங்களுக்கு முழங்கால் ஆகாதே."

"ஆகாதுதான். என்ன செய்ய. நீ போ."

"டீச்சர் கேட்டா?"

"கேட்டா, புஷ்பம் தூங்கிட்டா, எழுப்ப மனசில்லாம வந்துட்டேன்னு சொல்லு."

அழுகைக்குள்ளேயே பிரிஸ்கில்லாவுக்கு ஒரு சிரிப்பு வெடித்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தாள், தங்கபுஷ்பம்தான் விரலை விடுவித்துவிட்டாள். பீடத்தைப் பார்த்தபடியே சில அடி பின்னால் நடந்தாள், மரியாதைக்கு. நடுப்பெஞ்சுக்கு வந்ததும் திரும்பிவிட்டாள். தங்கபுஷ்பம் பாயில் இருந்தபடியே கேட்டாள், நடை வேகமாவதை, கதவு ஒருக்களித்து விடுவதை, படியில் செருப்பைத் தேடுகிற சத்தத்தை, தேடாமல் விட்டுவிட்டதை. வெறுங்கால் சுடுமணலில் இறங்கி, அந்தச் சூட்டுக்கு ஒரு கணம் தயங்கி, பிறகு பின்தெருவை நோக்கி ஓடிப்போனது.